நாலில் ஒன்று

உங்கள் அத்தை வீட்டோடு நமக்குப் பேச்சு நின்றுபோனதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். சீரில் குறை வைத்தேன் என்கிறான் ஒருத்தன். பெரியவள் படித்துவிட்டாள், வேன் ஓட்டுகிறவனைக் கட்ட மனசில்லை என்கிறாள் ஒருத்தி. இரண்டும் பொய். பெரியவளுக்கு முக்கால்வாசி தெரியும். சின்னவளுக்கு நடந்தது தெரியும், ஏன் நடந்தது என்று தெரியாது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும் போனவன், அதுவும் பாஸாகவில்லை. எழுத்து முன்னே பின்னேதான் இருக்கும். கோபம் வருகிற இடத்தில் கோபமாகத்தான் எழுதுவேன். ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று ஒரு வருசம் பார்த்தேன். ஆறவில்லை.

சின்னவள் பிறந்தபோதே தலை சின்னது. போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். நடக்க நாளானது, பேச நாளானது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் இரண்டு தடவை படிக்கிற பாடத்தை அவள் இருபது தடவை படிப்பாள். ஆனால் இருபது தடவையும் முகம் சுளிக்காமல் படிப்பாள். உயரமும் ஏறவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த பிள்ளைகள் அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டு இருந்தாள். நாங்களும் அவளுக்கு இதுதான் வாய்த்தது என்று விட்டுவிட்டோம்.

பதின்மூன்று வயதில், மிளகாய்ப் பழம் எடுக்கிற மாசத்தில், தண்ணீர் தண்ணீர் என்று கேட்க ஆரம்பித்தாள். மிளகாய்க் கொல்லைக்குக் குடிக்கக் கொண்டு போகிற குடத்தில் பாதி அவளுக்கே போனது. கை கால் குச்சியானது. குளிக்கிற இடத்தில் அவள் ஒன்றுக்குப் போன மூலையில் எறும்பு மொய்த்ததை உங்கம்மாதான் முதலில் பார்த்தாள். அன்றைக்கே ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போனோம். சுகர் என்றார்கள். சீட்டு எழுதின டாக்டர், பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. உங்கம்மாவைப் பார்த்தார்.

"என்னத்தம்மா குடுத்து வளத்தீங்க? பாக்கெட் பாக்கெட்டா பிஸ்கட்டா?"

உங்கம்மா சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அங்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கூலிக்கு ஆள் வராத நாளில் தானே பழம் எடுத்து, களத்தில் காயப்போட்டு, பொழுது சாய்ந்து வந்து உலை வைக்கிற பொம்பளை அவள். பிஸ்கட் பாக்கெட்டுக்கு அவள் எங்கே போவாள்? திறக்கவில்லை. டாக்டர் என்றால் நமக்கு ஒரு பயம். அந்தப் பயத்தில் பெண்டாட்டியை விட்டுக் கொடுத்தேன்.

அப்புறம் ஊரே டாக்டரானது. மாசமாக இருக்கும்போது அவள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே திரிந்தாள் என்று ஒரு பேச்சு. நேர்த்திக்கடனைச் செலுத்தாமல் விட்டாள் என்று ஒரு பேச்சு. இதில் முன்னால் நின்று பேசியது உங்கள் அத்தை, என் கூடப்பிறந்த அக்கா. பிள்ளை பிறந்த வருசத்தில் அவள் பாம்பனுக்கு அந்தப் பக்கம் அக்காள்மடத்தில் கடை நடத்திக்கொண்டிருந்தாள், இங்கே யார் எதைக் கடித்தார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கேட்கவில்லை. அதுவும் என் தப்பு. உங்கம்மா என்ன செய்தாள் தெரியுமா? யாரிடமும் சொல்லாமல் சீனி போட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டாள். கடுங்காப்பியை அப்படியே குடித்தாள். பொங்கலுக்கு வைத்த சர்க்கரைப் பொங்கலைக்கூடத் தொடவில்லை. சுகர் வந்தது சின்னவளுக்கு, தண்டனை அனுபவித்தது அவள்.

நம் வீட்டில் அப்போது பிரிட்ஜ் இல்லை. மண்பானையில் மணல் போட்டு, தண்ணீர் தெளித்து, நடுவில் ஊசி மருந்தை டப்பாவுக்குள் வைத்துப் பாதுகாத்தோம். காலையிலும் மாலையிலும் ஊசி, ஊசிக்குப் பிறகு அரை மணி நேரத்தில் சாப்பாடு. அந்த அரை மணியைத் தவறவிடக் கூடாது என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். உங்கம்மா தவறவிட்டதே இல்லை. ஒரே ஒரு நாள் தவிர. அந்த நாளைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன்.

இரண்டு வருசம் ஊசி போட்டும் சுகர் ஏறி இறங்கி நிலையில்லாமல் இருந்ததால் மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா. சின்ன வயதுதான். முதலில் இஞ்சு டேப்பை எடுத்துச் சின்னவள் தலையை அளந்தார். உயரம் பார்த்தார். விரல்களை விரித்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்றார்.

அதுவரைக்கும் எத்தனை டாக்டர், எத்தனை சீட்டு! ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை.

நான் சொன்னேன். இவள் என் தாய்மாமன் மகள். இவள் அண்ணனுக்கு என் அக்காவைக் கொடுத்தோம், அந்த வீட்டிலிருந்து இவளை எடுத்தோம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. எங்கள் பக்கத்தில் அது பெருமை. முறை இருந்தால் ஜாதகப் பொருத்தம்கூடப் பார்க்க மாட்டார்கள். டாக்டரம்மா ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாகப் போட்டுக் கோடு இழுத்தார். நம் குடும்பம் முழுக்க அந்தத் தாளில் வந்துவிட்டது. கோடுகள் ஒன்றோடொன்று பின்னி, பார்க்க வலை மாதிரி இருந்தது. மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்து, ஆராய்ச்சிக் கணக்கில் வெளியூருக்கு அனுப்பினார். பதில் வர ஏழு மாசமானது.

பதில் வந்த அன்றைக்கு ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொன்னார். எனக்கு விளங்கினதைச் சொல்கிறேன். உடம்புக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து எடுக்கிற நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பேர். ஆர்.என்.ஏ.யில் இன்னொரு ஜாதி இருக்கிறது, ரொம்பக் குட்டி. அதற்கு எழுத்து வேலை கிடையாது, சுமக்கிற வேலை. இன்சுலின் மாதிரிப் பொருள்களைச் செய்ய வேண்டிய துண்டுதுணுக்குகளை இதுதான் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும். அந்தச் சுமக்கிற ஆர்.என்.ஏ.யின் மேல், ஒரு குறிப்பிட்ட இடத்தில், உடம்பு ஒரு சின்ன ரசாயனப் பொட்டு வைக்கிறது. மெத்தில் என்றார். அந்தப் பொட்டு சின்னவளுக்கு விழவில்லை.

"ஒரு பொட்டு இல்லாட்டி என்னம்மா?" என்று கேட்டேன்.

அவர் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். எனக்குத் தோன்றியதைக் கேட்டேன். மூட்டை தூக்குகிறவனுக்குச் சும்மாடு மாதிரியா? அவருக்குச் சும்மாடு என்றால் என்னவென்று தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி என் தலையில் வைத்துக் காட்டினேன். இது ஒரு முழத் துணிதான், பெரிய சாமான் இல்லை. ஆனால் இது இல்லாமல் நாலு நடை மூட்டை சுமந்தால் கழுத்துப் போய்விடும். நர்ஸ் சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை, துண்டைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏறக்குறைய இதுதாங்கய்யா. ஆனா சும்மாடு இல்லாத ஆளு வலியோட நடப்பாரு. இது அப்படி இல்ல, துண்டு துண்டா உடைஞ்சு போயிரும். அந்தத் துண்டே விஷமாகி இன்சுலின் சுரக்கிற செல்லக் கொன்னுரும். மூளை வளர்றதும் அதனாலதான் குறைஞ்சிருக்கு."

உடம்பு முழுக்கத்தான் இந்த ஆர்.என்.ஏ. இருக்கிறது, அப்புறம் ஏன் மூளையையும் இன்சுலினையும் மட்டும் பிடித்தது என்று கேட்டேன். அது முழுசாகத் தெரியவில்லை என்றார். தெரியவில்லை என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பொட்டை நாம் வைக்க மருந்து உண்டா என்றேன். இப்போதைக்கு இல்லை, ஊசிதான் என்றார்.

அந்தப் பொட்டை வைக்கிற வேலைக்கு உடம்பில் ஒரு குறிப்பு, இரண்டு பிரதியாக இருக்கும். அப்பனிடமிருந்து ஒன்று, ஆத்தாளிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். எனக்கு ஒன்று கெட்டிருக்கிறது. உங்கம்மாவுக்கும் அதே ஒன்று கெட்டிருக்கிறது. என் ஆத்தாவும் அவள் அப்பனும் கூடப்பிறந்தவர்கள். ஒரே இடத்திலிருந்து இறங்கி வந்த கோளாறு, இரண்டு பக்கமும் சுற்றி வந்து சின்னவளிடம் சேர்ந்துவிட்டது. நாங்கள் பெறுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு இப்படி ஆக வாய்ப்பு என்றார்.

உங்கம்மா அப்போது ஒன்று கேட்டாள். "நான் தின்னது எதுவும் காரணமில்லையா?"

"இல்லம்மா. நீங்க தின்னது, தின்னாதது எதுவும் இல்ல."

"அத எழுதித் தருவீகளா?"

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். ஒரு பொம்பளை, தான் பெற்ற பிள்ளையைத் தான் கெடுக்கவில்லை என்பதற்கு முத்திரை குத்தின காகிதம் கேட்க வேண்டியிருந்தது. பிள்ளைகளா, யார் மேல் கோபம் என்று கேட்டால் முதலில் என் மேல்தான்.

ஏனென்றால் அந்தக் காகிதத்தோடு இன்னொரு காகிதமும் கொடுத்தார். பெரியவளுக்கும் ஒரு பிரதி கெட்டிருக்க வாய்ப்பு உண்டு, அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சொந்தத்தில் மாப்பிள்ளை பார்த்தால் இரண்டு பேருக்கும் ரத்தம் பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. வெளியில் கொடுத்தால் அநேகமாகப் பயமில்லை என்றும் சொன்னார். இரண்டு காகிதத்தையும் நான் பட்டா வைக்கிற உறைக்குள் வைத்தேன். "ரத்தத்துல கோளாறுள்ள குடும்பம்னு பேராயிரும், பெரியவளக் கரையேத்த முடியாது, கொஞ்ச நாள் வெளிய சொல்லாத" என்று உங்கம்மாவிடம் சொன்னேன். தன் மேல் பழியில்லை என்கிற காகிதத்தை வாங்கிவிட்டு, அதை யாருக்கும் காட்ட முடியாமல் அவள் இரண்டு வருசம் பேச்சுக் கேட்டாள். நான் செய்த வேலை அது.

அப்புறம் உங்கள் அத்தை பேச்செடுத்தாள். பெரியவளை அவள் மகனுக்கு. ராமேசுவரத்தில் சுற்றுலா வேன் ஓட்டுகிறான், குடி கிடையாது, சிரித்த முகம். பெரியவளுக்கும் அவனைப் பிடிக்கும். எனக்குத் தெரியும், ஏன் மறைக்க வேண்டும். அவன் யார்? என் அக்காவுக்கும் உங்கம்மாவின் அண்ணனுக்கும் பிறந்தவன். டாக்டரம்மா போட்ட வலையில் அவனும் நட்டநடுவில்தான் நின்றான். எல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன்? சரி என்றேன். பையனுக்கு இருக்காது, இருந்தாலும் பெரியவளுக்கு இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரத்தம் பார்ப்போம் என்று கேட்டால் அக்கா என்ன சொல்வாளோ என்று பயம். உங்கம்மா ஒரு தடவை, "அந்தக் காயிதம்..." என்று ஆரம்பித்தாள். "சும்மா இரு" என்று அடக்கிவிட்டேன்.

நிச்சயத்தன்று ஒன்பது மணிக்கு மேல் நல்ல நேரம். அவர்கள் வந்ததும் தட்டு மாற்றிவிட்டுப் பந்தி போடுவதாக ஏற்பாடு. வீட்டுக்கு வீடு சொந்தம்தான், என்றாலும் அன்றைக்கு அவர்கள் சம்பந்தி. தட்டு மாற்றுமுன்னால் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். விருந்தாளி சாப்பிடாமல் வீட்டாரும் சாப்பிடக் கூடாது. எட்டரைக்கு அக்கா போன் போட்டாள், ராமநாதபுரம் தாண்டிவிட்டோம் என்று. அதை நம்பி உங்கம்மா சின்னவளுக்கு ஊசியைப் போட்டுவிட்டாள். அக்கா சொன்னது பொய். அவர்கள் அப்போது பாம்பன் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை. பாலத்தில் ரயில் பார்க்கிற கூட்டம் வண்டிகளை நிறுத்திக்கொண்டு நின்றது. அடுத்த போனில் அதைச் சொல்லிச் சிரித்தாள். "பசிக்குதுன்னு நீங்க மொதல்ல தின்னுபுடாதிய, தம்பி" என்றாள்.

பத்து மணிக்கு மேல் வந்தார்கள். வந்தும் உடனே நடக்கவில்லை. யார் எங்கே உட்காருவது என்று ஒரு பேச்சு. பிறகு அக்கா உள்ளே வந்து உங்கம்மாவிடம், சின்னவளைப் பின்கட்டிலேயே இருக்கச் சொல்லு, சபையில் வந்து நின்று யாராவது ஏதாவது கேட்டால் நல்லாயிருக்காது என்றாள். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். சின்னவள் பின்கட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கொல்லைப்பக்கமாகச் சுற்றி வாசலுக்கு வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அய்யா, பசிக்கு."

"செத்த பொறு தாயி. தட்டு மாத்தட்டும்."

இதை நான் சொன்னேன். உங்கம்மா சொல்லவில்லை, உங்கள் அத்தை சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அடுப்பங்கரையில் நாலு அண்டா நிறையச் சோறும் குழம்பும் இருந்தது.

பெரியவள்தான் பார்த்தது. பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, கூப்பிடும்வரை அறையில் உட்கார்ந்திருந்தவள் எதற்கோ பின்கட்டை எட்டிப் பார்த்திருக்கிறாள். சின்னவள் சுவரில் சாய்ந்து வேர்த்து ஒழுகிக்கொண்டு, கூப்பிட்டால் குழறிக்கொண்டு இருந்தாள். பெரியவள் ஓடி வந்தாள். சபைக்கு நடுவில், அத்தனை ஆம்பிளைகளையும் தாண்டி, மாப்பிள்ளை வீட்டார் பரப்பி வைத்திருந்த தாம்பாளத்திலிருந்து சீனிப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீரில் கரைத்துக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். நல்லவேளை, விழுங்கினாள். கால் மணி நேரத்தில் கண் தெளிந்து, "எக்கா, பட்டுச்சேல நனையுது" என்றாள்.

வெளியே வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தட்டு மாற்றுமுன்னால் பெண்ணே தட்டில் கை வைத்துவிட்டாள், இதற்கு மேல் என்ன கெட்ட சகுனம் வேண்டும் என்று ஒரு பெரியவர். அக்கா உங்கம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசியப் போட்டவளுக்குச் சோத்தப் போடத் தெரியாதா? இப்படி வளத்துத்தான் அந்தப் புள்ளய இந்த நெலமைக்குக் கொண்டாந்து வச்சிருக்க."

நான் உள்ளே போனேன். பட்டா உறையைப் பிரித்து இரண்டு காகிதத்தையும் எடுத்து வந்தேன். முதல் காகிதத்தைச் சபையில் சத்தமாகப் படித்தேன். தாயார் உண்ட உணவு எதுவும் காரணமல்ல என்கிற வரியை மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை தெருவுக்கே கேட்டிருக்கும். பிறகு சொன்னேன்.

"இது நம்ம ஆத்தா வழியா வந்ததுக்கா. எனக்கு இருக்கு. இவளுக்கு இருக்கு. ஒனக்கும் இருக்கலாம், மச்சானுக்கும் இருக்கலாம். ஒம் மகனுக்கு ரத்தம் பாத்துட்டு வா. பாத்தபெறகு தட்டு மாத்துவோம்."

அக்காவுக்கு முகம் கறுத்தது. அந்தப் பெரியவர் விடவில்லை. "மாட்டுக்குச் சுழி பாப்பாக. மாப்பிள்ளைக்கு ரத்தம் பாக்குறத இப்பத்தான்யா கேள்விப்படுறேன். பல்லையும் பிடிச்சுப் பாருங்க" என்றார். சிரித்தார்கள். என் வீட்டு வாசலில், பிள்ளை பின்கட்டில் படுத்துக் கிடக்கும்போது சிரித்தார்கள். நான் அவர்களை எழுந்து போகச் சொன்னேன். எந்த வார்த்தையில் சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். கேட்டவர்கள் கேட்டார்கள். சமைத்ததை எல்லாம் ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போட்டோம்.

நாலு நாள் கழித்து அந்தப் பையன் வந்தான். வேனில் வரவில்லை, பஸ்ஸில் வந்தான், அம்மாவுக்குத் தெரியாமல். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "மாமா, எங்க போயி ரத்தம் குடுக்கணும்?" என்றான். அவனையும் பெரியவளையும் நானே மதுரைக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸில் அவன் அவளைக் கேலி செய்துகொண்டே வந்தான். எல்லா ஊரிலும் மாப்பிள்ளைக்குக் காப்பி கொடுப்பார்கள், உங்கள் வீட்டில்தான் ஊசி கொடுக்கிறீர்கள் என்றான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, கடவுளே ஒருத்தருக்காவது இல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டினேன்.

இரண்டு பேருக்கும் இருந்தது.

டாக்டரம்மா செய்யாதே என்று சொல்லவில்லை. நாலில் ஒன்று என்பதை மறுபடி விளக்கினார். கரு உண்டான ஆரம்பத்திலேயே பார்க்கிற வழி உண்டு, அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது உங்கள் முடிவு, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். திரும்பி வரும்போது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவன் கடைசி சீட்டுக்குப் போனான்.

விஷயம் தெரிந்ததும் உங்கள் அத்தை வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சமாதானமாக, உட்கார்ந்து, வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு பேசினாள். எனக்கு அதுதான் இன்னும் பொறுக்கவில்லை.

"நாலுல ஒண்ணுதானடா தம்பி. மூணு நல்லாத்தான இருக்கும்? அதுவும் போக, அந்த ஒண்ணுதான் ஏற்கனவே ஒங்க வீட்டுல பொறந்துருச்சே. கணக்கு முடிஞ்சுபோச்சு. இனி வாரதெல்லாம் நல்லதாத்தான் வரும்."

அவள் வேண்டுமென்றே குத்திச் சொல்லவில்லை, மனசார நம்பிச் சொன்னாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலிலிருந்து அதே நாலில் ஒன்றுதான், ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைக்காகக் கடன் தீர்க்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உங்கம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்து நின்றாள். இருபத்தி நாலு வருசத்தில் அவள் மதினியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"அந்த ஒண்ணுங்கிறியளே மதினி, அது இந்தா இங்கன உக்காந்து பருப்புப் பொறுக்கிக்கிட்டு இருக்கு. அதுக்குக் காது கேக்கும்."

அத்தை திரும்பிப் பார்த்தாள். சின்னவள் முறத்தோடு நிலைப்படிக்குப் பக்கத்தில் இருந்தாள். அத்தை பார்க்கவும் சிரித்தாள். அத்தை அதற்கும் அசையவில்லை. பெரியவளைப் பார்த்து, "நீ சொல்லு ஆத்தா, ஒனக்கு எம் மகனப் பிடிக்கலையா?" என்றாள்.

பெரியவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஏனென்றால் ஊரில் அதைத்தான் மாற்றிப் பேசுகிறார்கள்.

"பிடிக்கும் அத்தை. சீக்குப் பிள்ள பொறக்கும்னுகூட எனக்குப் பயமில்ல, இவள வளத்த மாதிரி வளத்துக்குவேன். ஆனா அப்படி ஒரு பிள்ள பொறந்தா நீங்க எங்கம்மாவச் சொன்னதையெல்லாம் என்னையும் சொல்லுவீக. ஒங்க மகனுக்கும் பாதி இருக்குன்னு காயிதத்துல எழுதியிருந்தாலும் என்னையத்தான் சொல்லுவீக. எனக்கு வேணாம்."

அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போனாள். அன்றோடு நின்றது பேச்சு. பையன் மட்டும் எப்போதாவது எனக்குப் போன் போடுவான். வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள் என்று போன மாசம் சொன்னான். நல்லது என்றேன். பெரியவளிடம் சொன்னேன். சரி என்றாள், முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். எனக்கு எவனைப் பிடித்து அடிப்பது என்று தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டு என் மகள் வாழ்க்கையில் கையை வைத்தது என்றால் அதன் மேல் கோபப்பட முடியுமா? முடியாது. அதனால் வாய் இருக்கிறவர்கள் மேல் படுகிறேன். அந்தப் பிஸ்கட் டாக்டர் மேல், சுழி பார்க்கிறதாகச் சொல்லிச் சிரித்த பெரியவர் மேல், முறை முறை என்று சொல்லி வட்டத்தையும் சதுரத்தையும் பின்னிப்போட்ட எங்கள் எல்லோர் மேலும். வெற்றிலைக்கடையில் இன்றைக்கும், "அவன் பொண்டாட்டிக்கு ரத்தம் சரியில்ல" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் நேரே போய், எனக்குந்தான் சரியில்லை, அதையும் சேர்த்துப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அத்தை போன அன்றைக்குச் சாயங்காலம் நடந்தது ஒன்று இருக்கிறது. உங்கம்மாவுக்கும் பெரியவளுக்கும் அது தெரியாது. சின்னவள் பொறுக்கின பருப்பை டின்னில் கொட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அய்யா, என்னய மாதிரி இன்னொண்ணு வேணாம்னுதான சண்ட போட்டிய?"

"ஒன்னய வேணாம்னு சொல்லல ஆத்தா. ஒன் சீக்குத்தான் வேணாம்னேன்."

அவள் யோசித்தாள். பாடம் படிக்கும்போது யோசிக்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள்.

"ரெண்டும் ஒண்ணா வந்ததுதானய்யா?"

நான் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

சின்னவளே, இதை உனக்கு உன் அக்கா படித்துக் காட்டுவாள். ரெண்டும் ஒன்றாகத்தான் வந்தது, நீ சொன்னது சரி. அதைப் பிரித்துக் காட்ட எனக்குப் படிப்புப் போதாது, அந்த டாக்டரம்மாவுக்கும் காணாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அக்கா சொன்னதை நீ கேட்டாய் இல்லையா? உன்னை மாதிரிப் பிள்ளையை வளர்க்கப் பயமில்லை என்று சொன்னாள். நான் போட்ட சண்டையை விட்டுவிடு, அதில் பாதி என் மேலேயே எனக்கு இருந்த கோபம். அக்கா சொன்னதை எடுத்துக்கொள். விளங்காத இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொல். இருபது தடவை ஆனாலும் சரி, நான் பக்கத்திலேயே இருக்கிறேன்.